பக்கத்துக் கட்டில்

கேட்டாளே ஒரு கேள்வி. ராத்திரி தூக்கத்துல பல்லக் கடிப்பீங்களாம்மான்னு. தூங்குதவளுக்கு எப்படித் தாயி தெரியும், தெரிஞ்சா அதுக்குப் பேரு தூக்கமா? மூஞ்சியில மாஸ்க்கு, கண்ணு மட்டும்தான் தெரியுது, சின்னப் பொண்ணு, இன்னும் படிச்சிக்கிட்டிருக்கிற டாக்டரு, அதனால கோவப்படல, சிரிச்சேன். சிரிச்ச சிரிப்புக்குக் காதுக்கு முன்னால டொக்குன்னு ஒரு சத்தம், அவளுக்கே கேட்டிருக்கும். உடனே அந்த இடத்துல வெரல வச்சா. வாயத் திறங்க, மூடுங்க, மெதுவாத் திறங்க. என் கையில மூணு வெரலச் சேத்து நெட்டுக்க என் வாய்க்குள்ளயே விடச் சொன்னா. நல்லா இருக்கிறவங்களுக்கு மூணும் போகுமாம். எனக்கு ரெண்டு போறதுக்குள்ள கண்ணுல தண்ணி வந்துட்டு. காதுல கோளாறு இல்லம்மா, பல்லுலயும் இல்ல, தாடை மூட்டுலதான் வலி, பல்லெல்லாம் மழுங்கிப் போயிருக்கு பாருங்கன்னு கண்ணாடியக் காட்டினா. பாத்தேன், என்னத்தப் பாக்க, வயசாயிட்டுன்னு தெரிஞ்சது. ராத்திரிக் கடியா இருந்தா பல்லுக்கு ஒரு உறை செஞ்சு தருவோம், போட்டுட்டுத் தூங்கினா மூட்டுக்கு ஓய்வு கிடைக்கும், இல்லேன்னா வேற என்னன்னு பாக்கணும், ஸ்கேன் எடுக்கணும், பெரிய டாக்டர் சாப்பிட்டு வந்துருவாரு, அதுக்குள்ள பக்கத்துல படுக்கிறவங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுச் சொல்லிருங்க, எத்தனை வருஷமா இருக்குன்னும் கேளுங்க. எவ்வளவு லேசாச் சொல்லிட்டா. பக்கத்துல படுக்கிறவங்க. நானும் மண்டைய ஆட்டி, சரிங்க டாக்டர்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். அப்படி யாரும் எனக்கு இல்ல தாயின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். 

இப்ப இந்த வராந்தாவுல, நீல நாற்காலியில, போனக் கையில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். எதுத்தாப்புல ஒருத்தன், கன்னம் வீங்கி, தலையச் சுத்தித் துண்டு கட்டி, அவன் பொண்டாட்டி அவனத் திட்டிக்கிட்டே இளநிய ஸ்ட்ரா போட்டுக் குடுக்கா. அப்பவே சொன்னேன் கேட்டீங்களா, கேட்டாத்தான, உறிஞ்சுங்க, மெதுவா, சட்டையில சிந்துது பாருங்க. அவன் ஒண்ணும் பேச முடியாம முழிக்கான். முழியப் பாத்தா வலி மாதிரித் தெரியல, சொகமாத்தான் இருக்கான். அவ என்னப் பாத்து, உங்க கூட யாரும் வரலையாக்கான்னா. ஆஸ்பத்திரியில நுழைஞ்சா இது ஒண்ணத்தான் கேக்கானுவ. சீட்டுப் போடுத எடத்துல ஒருக்க, எக்ஸ்ரே வாசல்ல ஒருக்க, இப்ப இவ. வெளிய நிக்காகன்னு சொன்னேன். எதுக்குச் சொன்னேன் அந்தப் பொய்ய? இனி அவ வாசலப் பாத்துக்கிட்டே இருப்பா, யாரும் வரலையேன்னு. சவத்த விடு. பல்லச் சேக்காத. அதுவும் சொல்லித்தான் அனுப்பினா டாக்டர் பொண்ணு, உதடு சேந்திருக்கலாம், பல்லு சேரக் கூடாது, நாக்க மேலண்ணத்துல வச்சிக்கோங்க, சாப்பிடும்போது மட்டுந்தான் பல்லும் பல்லும் தொடணும்னு. ஐம்பத்தி ரெண்டு வயசுல இது புதுசாத் தெரியுது எனக்கு. இத்தன நாளும் எல்லாரும் பல்லச் சேத்துத்தான் வச்சிருப்பாங்கன்னுல்லா நினைச்சேன். இப்பப் பாரு, யோசிச்சிக்கிட்டே இருக்கும்போது தன்னால சேந்துட்டு. விடு. நாக்கு மேல. விட்டாச்சு. போன வருஷம் இந்த வலிக்குக் காது டாக்டர்கிட்டப் போயி சொட்டு மருந்து ஊத்தி, அது கேக்கலன்னு பல்லு டாக்டர்கிட்டப் போனேன். அவரு பல்லு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லச் சொல்ல, இல்ல இதுதான் இதுதான்னு நானே அடம்புடிச்சு, சும்மா கெடந்த கடைவாய்ப் பல்லப் புடுங்கிட்டு வந்தேன். பல்லு போச்சு, வலி இருந்த எடத்துலயே இருக்கு.

காதுன்னு நினைச்சதுலயும் தப்பு இல்ல. நாள் முழுக்க ஒலிபெருக்கிக்குக் கீழ இருக்கிறவ வேற என்னத்த நினைப்பா? பஸ் ஸ்டாண்டுல நேரக் காப்பாளர் ரூமுக்குப் பக்கத்துல தகர அடைப்பு, ஒரு மைக்கு, ஒரு டேபிள் ஃபேன், நான். பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசி செல்லும் பேருந்து மூன்றாவது நடைமேடையில் புறப்படத் தயாராக உள்ளது. உங்கள் உடைமைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவுல ஜவுளிக்கடை விளம்பரம், நகைக்கடை விளம்பரம். பஸ் ஸ்டாண்டுல நிக்கிற அத்தனை பேருக்கும் என் குரலு தெரியும், மூஞ்சி ஒருத்தனுக்கும் தெரியாது. டீக்கடையில பக்கத்துல நின்னு டீ குடிக்கிறவன், என் குரலு மேல கேக்கலியேன்னு, என்ன இன்னிக்கு அந்தம்மாவக் காணும்னு என்கிட்டயே கேக்கான். பிள்ளையத் தொலச்சவ, புருஷனத் தொலச்சவ எல்லாம் அழுதுக்கிட்டு என்கிட்டத்தான் வருவா. எங்கிருந்தாலும் உடனே நேரக் காப்பாளர் அறைக்கு வரவும்னு கூப்பிட்டு விடுவேன். வந்துருவாங்க. நான் கூப்பிட்டு வராதவங்க ரொம்பக் கொறச்சல். அப்படிப்பட்ட வாயி, போன வாரம் ஆலங்குளம்னு சொல்லப் போயி பாதியில நின்னுட்டு. ஆ வரணும், தாடை எறங்க மாட்டேங்கு. கதவுல எதோ மாட்டிக்கிட்ட மாதிரி ஒரு தட்டு, அதுக்கு மேல ஒரு நூலு நகரல. மைக்கு ஆன்ல இருக்கு. என் மூச்சு மட்டும் பஸ் ஸ்டாண்டு பூராவும் போகுது, ஹூம் ஹூம்னு. வெளிய ஜனங்க நிமுந்து பாக்காங்க, எனக்குக் கண்ணாடி வழியாத் தெரியுது. பேச்சிமுத்து ஓடி வந்து, என்னக்கா கொட்டாவியான்னு மைக்க அமத்தினான். நான் கன்னத்தப் புடிச்சி அப்படி இப்படி ஆட்டி, டொக்குன்னு விட்டது. விட்டுட்டு. ஆனா அந்தப் பயம் விடல. ஒரு நாளு விடாமலே போயிட்டா? வாயிருக்கிறதே ஊரு பேரச் சொல்லத்தான், வேற யாருகிட்டயும் நான் பேசுறது இல்ல. அதுவும் பூட்டிக்கிட்டா நான் இருக்கேன்னு எவனுக்குத் தெரியும்?

சரி, கேக்கச் சொல்லியிருக்கால்லா, யாருகிட்டக் கேக்க? என் பக்கத்துல இது வரைக்கும் யாரெல்லாம் படுத்திருக்காங்க? எண்ணிப் பாத்துருவோம், சிரிப்பா இருக்கு. அம்மா. அம்மா பக்கத்துலதான் நான், அந்தப் பக்கம் அண்ணன். அம்மா இருந்தா இந்நேரம் சொல்லியிருப்பா, கடிப்பா மூதின்னு. நான் எட்டாப்பு படிக்கயில அவ போயிட்டா. ஆனா கனவுல வருவா. மூஞ்சி வராது, கை மட்டும் வரும், காதுக்குக் கிட்ட, கன்னத்துல, காஞ்ச கை, வச்சா எல்லாம் அடங்கிரும். ரொம்ப வருஷம் வந்துக்கிட்டிருந்தது. இப்பக் கொஞ்ச வருஷமாக் காணோம், எனக்கு வயசானதுல அம்மாவுக்கு என்ன அடையாளம் தெரியலையோ என்னமோ. அப்புறம் அண்ணன் வீடு. அங்க அடுப்பங்கரையில படுக்கை, பக்கத்துல கிரைண்டரு, அதத்தான் கேக்கணும். மதினிக்கு நான் இருந்ததே கேக்காது, பல்லுச் சத்தமா கேக்கப் போகுது. கல்யாணம்? யாரும் கேக்கல, நானும் கேக்கல, முடிஞ்சு போச்சு. அதுக்காக அழுற ஆளில்ல நான். ரயில்ல மெட்ராசு போகும்போது எதுத்த பெர்த்துல ஒரு அம்மா படுத்திருந்தா, அவளத் தேடிக் கண்டுபுடிச்சி, அம்மா தாயே நான் பல்லக் கடிச்சனான்னு கேக்கவா? மைக்குல கூப்பிடலாம். என் பக்கத்தில் படுத்து உறங்கியவர்கள் எங்கிருந்தாலும் உடனே நேரக் காப்பாளர் அறைக்கு வரவும். ஒருத்திதான் வருவா. அவ பேரச் சொல்லாம இவ்வளவு நேரமும் சுத்திக்கிட்டுல்லா இருக்கேன், எனக்குத் தெரியாதா. எப்சிபா.

எப்சிபாவும் நானும் லேடீஸ் ஹாஸ்டல்ல மாடி ரூமுல பதினெட்டு வருஷம். ரெண்டு கட்டில், ஒரு ஃபேன், ஒரு பீரோ பாதிப் பாதி. அவ பள்ளிக்கூடத்துல ஆபீஸ் வேல. காலையில அவ ஜெபம் பண்ணி முடிக்கிற வரைக்கும் நான் பக்கெட்டச் சத்தமில்லாம வைப்பேன், நான் சாமி படத்துக்குப் பூ வைக்க மறந்தா அவ வச்சிருவா. சண்ட போடாத நாளில்ல. சன்னலத் தொறக்கணும்பா, நான் மூடணும்பேன். வந்த புதுசுல ஒரு நாளு தன் கட்டில இழுத்து என் கட்டிலோட ஒட்டிப் போட்டுக்கிட்டா. என்னட்டி இது, நடக்க வழியில்லாமன்னேன், காத்து அங்கதான் வருது, உனக்கு என்ன போச்சுன்னா. ஃபேன் நடுவுலதான் தொங்குது, எங்க படுத்தாலும் ஒரே காத்துதான். நான் தள்ளிப் போட, அவ ஒட்டிப் போட, நான் தள்ளிப் போட, கடைசியில எனக்குத்தான் அலுத்துப் போச்சு. பதினெட்டு வருஷம் காலு பக்கமா ஏறி எறங்குனேன், அவளோட காத்துக்காக. காலையில கண்ணெல்லாம் செவந்து உக்காந்திருப்பா. தூங்குனியாட்டின்னு கேட்டா, எங்க, நீ வேறன்னுவா. நான் கொறட்ட விடுவேன் போலன்னு வெக்கமா இருக்கும், மேல கேக்க மாட்டேன். நாப்பத்தஞ்சு வயசுல அவளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. உடன்குடியில கருப்பட்டிக் கடை வச்சிருக்கிற தேவசகாயம், பொண்டாட்டிய இழந்தவரு, நல்ல மனுசன். சந்தோசந்தான் எனக்கு. சந்தோசமில்லன்னு யாரு சொன்னா? பெட்டி கட்டினேன், பீரோவுல அவ பாதியத் தொடச்சிக் குடுத்தேன்.

போற அன்னிக்கு, நான் அவ தலகாணிய எடுத்துக்கிட்டுப் படி எறங்கி வாறேன், கீழ மேட்ரன்கிட்ட அவ சிரிச்சிக்கிட்டே சொல்லுதா. இனிமேலாவது ஒரு ராத்திரி முழுசாத் தூங்குவேன் மேடம். மேட்ரனும் சிரிக்கா. நான் படியிலயே நின்னுட்டேன், தலகாணியக் கட்டிப் புடிச்சிக்கிட்டு. பதினெட்டு வருஷம் கூடக் கெடந்ததுக்கு இதுதான் அவ சொல்லுத சொல்லு. அவ்வளவு பாரமாவா இருந்தேன்? கொறட்டையா? அப்பச் சொல்ல வேண்டியதுதான, ஏட்டி பகவதி திரும்பிப் படுன்னு? மூஞ்சிக்கு நேரச் சொல்லாம, மேட்ரன்கிட்ட. தலகாணிய வண்டியில வச்சேன், கைய ஆட்டினேன், மேல வந்து அவ கட்டில் கெடந்த எடத்தக் கூட்டினேன். கல்யாணத்துக்குப் போனேன், பிரியாணி சாப்பிட்டேன், வந்தேன். அவ போன் போட்டா, ம், நல்லாருக்கேன், ஆமா, டூட்டில இருக்கேன், வச்சிருதேன். நாலஞ்சு தடவ இப்படி வச்சா யாருதான் போடுவா? நின்னு போச்சு. அடுத்து ஒரு பிள்ளை வந்தது அந்த ரூமுக்கு, காதுல எந்நேரமும் ஒயர மாட்டிக்கிட்டுத் தன்னால சிரிக்கும், நான் மேட்ரன்கிட்டச் சொல்லி மொட்டை மாடியில தனி ரூம் வாங்கிக்கிட்டேன். கட்டில நடுவுல போட்டிருக்கேன், ரெண்டு பக்கமும் நடக்க எடம். அதுக்குப் பெறகுதான் வலி வந்தது. காலையில எந்திரிச்சா தாடை கல்லு மாதிரி இருக்கும், வாயக் கொப்பளிக்கக் கூட வலிக்கும். இனிமேலாவது ஒரு ராத்திரி முழுசாத் தூங்குவேன். இந்தா, நாலு வருஷமா இது ஒண்ணயேதான் மென்னுக்கிட்டிருக்கேன். பல்லச் சேக்காத. விடு.

எதுத்த நாற்காலியில அவன் தூங்கிட்டான். பொண்டாட்டி தோள்ல சாஞ்சு, துண்டு கட்டின தலையோட. அவ அசையாம உக்காந்திருக்கா, காலி இளநி மடியில, தூக்கிப் போடக் கூட எந்திரிக்கல. அவகிட்டக் கேட்டா சொல்லுவா, இவன் எப்பிடித் தூங்குவான், எந்தப் பக்கம் திரும்புவான், என்ன ஒளறுவான், எல்லாம். என்னப் பத்திச் சொல்ல ஒரு ஆளு வேணும். அவ்வளவுதான் எனக்கு இப்ப வேண்டியது, உறையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நான் தூங்கும்போது எப்பிடி இருப்பேன்னு இந்த ஒலகத்துல ஒருத்திக்காவது தெரியணும். தெரியலன்னா? போன் போட்டு, ஏட்டி நான் பல்லக் கடிப்பனான்னு கேட்டு, எனக்கு ஞாபகமில்லயேன்னு அவ சொல்லிட்டா? அதுக்கு மேல யாரக் கேக்க? கேக்காம இருந்தா, தெரிஞ்சிருக்கும்னாவது நினைச்சிக்கிட்டுக் கெடக்கலாம். டாக்டர் பொண்ணுகிட்ட, கடிக்கேன்னு ஒரு பொய்யச் சொல்லிட்டா என்ன? ஏற்கெனவே ஒருத்தர வெளிய நிக்க வச்சாச்சு, அவரே சொன்னாருன்னு சொல்லலாம். கதவத் தொறந்து அவளே எட்டிப் பாத்து, அம்மா, சார் வந்துட்டாரு, கேட்டுட்டீங்களா, அடுத்து நீங்கதான்னா. கேட்டுக்கிட்டே இருக்கேன் டாக்டர்னு சொல்லி, அந்தப் பதட்டத்துல வெரலு தன்னால அவ பேருல பட்டுட்டு. மணி அடிக்கு. வச்சிருவமா? எடுத்துட்டா.

ஏட்டி பகவதி! உசுரோட இருக்கியாட்டி? பின்னால கடைச் சத்தம், யாரோ அரைக் கிலோ கேக்காங்க. இருங்க அண்ணாச்சி, என் கூட்டாளி பேசுதான்னு அவ சொல்லுதது எனக்குக் கேக்கு. என் கூட்டாளி. நலம் விசாரிக்க வாயில்ல எனக்கு, எடுத்த எடுப்புல கேட்டுட்டேன், ஆஸ்பத்திரியில இருக்கேன், பயப்படாத, ஒண்ணே ஒண்ணு சொல்லு, நான் ராத்திரி பல்லக் கடிப்பனா?  அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, அவ சிரிப்பு, இருமல்ல போயி முடியும். கடிப்பியாவா? நல்லாக் கேட்ட போ. மொத நாளு நான் எலி எதையோ கொறிக்குன்னுல்லா லைட்டப் போட்டேன். பாத்தா நீ. கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, யாரையோ அடிக்கப் போறவ மாரி, நறநறன்னு. எனக்குப் பயமாப் போச்சு, பல்லு ஒடைஞ்சிருமோன்னு. எழுப்பவும் மனசில்ல. கைய மெதுவா உன் தாடையில வச்சேன், இங்கன, காதுக்கு முன்னால. விட்டுட்ட. கைய எடுத்தா மறுபடி கடிக்க. பெறகு தெனமும் அதுதான் சோலி. எட்டணும்லா, அதான் கட்டில ஒட்டிப் போட்டது, நீ வேற தள்ளித் தள்ளிப் போடுவ, சண்டக்காரி. நான் கேட்டேன், ஏன் என்கிட்டச் சொல்லல? என் குரலு எனக்கே கேக்கல. சொன்னா நீ வெக்கப்பட்டுக்கிட்டு வேற ரூமுக்குப் போயிருவ, உன்ன எனக்குத் தெரியாதா, அதான் சொல்லல. இனிமேலாவது ஒரு ராத்திரி முழுசாத் தூங்குவேன்னு மேட்ரன்கிட்டக் கூடச் சொல்லிச் சிரிச்சிட்டு வந்தேன். எங்கட்டி தூங்க? இன்னும் நடுராத்திரியில என் கை தன்னால நீளுது. இவரு கேப்பாரு, என்னத்தத் தேடுதன்னு. அது சரி, இப்ப யாருட்டி உன் தாடையப் புடிக்கா?

அப்ப கனவுல வந்தது அம்மா கை இல்ல. பல்லுக்கு உறை தாராங்களாம்னு சொன்னேன், அவ்வளவுதான் வந்தது. உறையா, என்ன உறைன்னு அவ கேக்கா, இங்க என் பேரக் கூப்பிடுதாங்க. வச்சிராத, இல்ல, வச்சிரு, நானே கூப்பிடுதேன், நானே கூப்பிடுதேன் எப்சி, சாயந்தரம். உள்ள போறேன். பெரிய டாக்டர் வாயப் பாக்காரு, பொண்ணு சீட்ட எடுத்து வச்சிக்கிட்டு நிக்கா. கேட்டீங்களாம்மா? கேட்டேன். கடிக்கேனாம். எத்தனை வருஷமா? மொத நாள்ல இருந்தே கடிக்கேனாம். யாரு சொன்னாங்கன்னு அவரு கேக்கல, அவருக்கு எதுக்கு அது, எனக்குத்தான் சொல்லணும்போல இருந்தது. அதுக்குள்ள நாற்காலியச் சாச்சுட்டா. உறைக்குப் பல்லு அச்சு எடுக்கணுமாம், ரோஸ் கலருல மாவு, புதினா வாசம், தட்டுல அப்பி, முடிஞ்ச வரைக்கும் திறங்கம்மான்னு மெல்ல உள்ள ஏத்திட்டா. கொஞ்ச நேரத்துல இறுகிரும், மூக்கால மூச்சு விடுங்க, பேசக் கூடாது. ஒரு கையால தட்டப் புடிச்சிக்கிட்டு, தாடை ஆடாம இருக்க இன்னொரு கைய என் கன்னத்துல வச்சா, காதுக்கு முன்னால. கையுறை போட்ட கை, ஜில்லுன்னு இருக்கு. தாடை தன்னால விடுது. கண்ணு ரெண்டும் பொங்கிக் காதுக்குள்ள வடியுது. ஐயோ, வலிக்குதாம்மா, வலிச்சா கையத் தூக்குங்க, எடுத்துருதேன்னு சொன்னா. நான் தூக்கல.